உப்பு இருப்பதே தெரியவில்லை

செய்தி வந்தபோது என் வாயில் உப்புமா இருந்தது. போனில் எமிலி அத்தை, "ஏட்டி ஜெபா, மாமா போயிட்டாருட்டி. காலைல எழுப்பப் போனேன், எந்திரிக்கல" என்றார். நான் விழுங்காமல் நின்றேன். ரவை சரியாக வறுபடவில்லை, கடுகு கருகிவிட்டது என்று என் நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வருடப் பழக்கம். வாயில் எது விழுந்தாலும் மாமாவிடம் சொல்வதற்கென்று அது தயாராகிவிடும். இனி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தோன்றிய பிறகுதான் அழுகை வந்தது. அதிகம் வரவில்லை.

தங்கராஜ் மாமா என் அம்மாவின் அண்ணன். உங்களில் பலருக்கு அவரைக் கைபேசி வீடியோக்களில்தான் தெரியும். பழைய வெள்ளை வேன், தோளில் பூத்துண்டு, இலை போட்டதும் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொள்வது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பி ராஜபாளையம், சிவகிரி, தென்காசி என்று போவார். இன்னொரு நாள் சாத்தூர், கோவில்பட்டி என்று போவார். ஊர் ஊராகச் சாப்பிட்டுப் பார்த்து, எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று சொல்வார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் மறுநாள் அந்தக் கடையில் இடம் கிடைக்காது.

அடக்கத்துக்கு வந்த ஹோட்டல்காரர்களைப் பார்க்க வேண்டுமே. சுவரொட்டியில் 'ருசியின் அரசர்' என்று போட்டிருந்தார்கள். ராஜபாளையத்துப் பரோட்டாக் கடை முதலாளி ஒருவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "அவிய நாக்கு மாதிரி ஒரு நாக்கு இனிமே இந்தச் சீமையில பொறக்காது" என்று அழுதார். அவர் கடை சால்னாவில் முந்தின நாள் சால்னாவைக் கலப்பார்கள். அதை நான் மாமாவிடம் சொல்லியிருந்தேன். மாமா ஊருக்குச் சொல்லவில்லை. அதனால்தான் அந்த மனிதர் அப்படி அழுதார் என்று நினைக்கிறேன்.

இந்த மாத நினைவுக் கூட்டத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். அத்தை என்னைக் கூப்பிட்டு, "எல்லாக் கடைக்கும் நீதான் சொல்லிக் குடுத்த. இதுக்கும் நீயே எழுது" என்றார். "உள்ளதையா அத்தை?" என்று கேட்டேன். "உள்ளத எழுதத்தான் உன்னயக் கூப்புடுதேன். இல்லாதத எழுத இருபது பேரு வரிசைல நிக்காவ" என்றார். எனவே எழுதுகிறேன். மாமாவுக்குக் கடைசி இரண்டு வருடம் ருசி கிடையாது. வாசனையும் கிடையாது. ஒரு காய்ச்சலில் இரண்டும் போயின. திரும்பி வரவில்லை.

அதை முதலில் கண்டுபிடித்தது நான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுந்தரபாண்டியத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா அவசரத்தில் சீனி டப்பா என்று நினைத்து உப்பு டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டுக் காபி கலந்துவிட்டாள். மாமாதான் முதலில் குடித்தார். பாதி டம்ளர் குடித்து, "தங்கச்சி கைக்காபின்னா காபிதான்" என்றார். அதற்குள் நான் என் டம்ளரில் ஒரு வாய் வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். நான் எதையும் சத்தமாகச் சொல்லுகிறவள் இல்லை. எழுந்து போய் என் டம்ளரைக் கழுவுகிற இடத்தில் கொட்டினேன். அவர் பின்னாலேயே வந்து, "என்னட்டி, உப்பா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "எம்புட்டு?" என்றார். "ரெண்டு கரண்டி இருக்கும் மாமா" என்றேன். அவர் கிணற்றடியில் முகத்தைக் கழுவினார். பிறகு உள்ளே போய் மீதிக் காபியையும் குடித்துவிட்டார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அல்ல. தனக்கு ருசி இல்லை என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக.

ஒரு வாரத்தில் அம்மாவிடம், "ஜெபா வீட்டுல சும்மாதான இருக்கா, எமிலிக்குத் தொணையா வேன்ல வரட்டும்" என்று கேட்டு என்னை அழைத்துப் போனார். நான் சும்மா இருந்தது உண்மைதான். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். எழுந்து நின்று சத்தமாக வாசி என்பார்கள். எனக்கு வார்த்தை வராது. வகுப்பு சிரிக்கும். ஒருநாள் போகாமல் இருந்தேன். அப்படியே போகாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் வேலை இப்படி நடக்கும். வேனைக் கடைக்குச் சற்றுத் தள்ளி நிறுத்துவார். முதலில் நான் மட்டும் உள்ளே போவேன். மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். கூச்சப்படுகிற பெண்ணைத் தனியாக ஹோட்டலுக்குள் அனுப்புகிறோமே என்று அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. "உன்னய ஒருத்தனும் ஞாபகம் வச்சிக்கிட மாட்டான்ட்டி. அதான் உன் தெறம" என்பார். நான் வந்து சொன்ன பிறகு அவரும் அத்தையும் உள்ளே போவார்கள். அத்தை கைபேசியைப் பிடிக்க, அவர் சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதைச் சொல்லுவார். ஏன் அத்தையையே ருசி பார்க்கச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அத்தைக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஊசிப்போன வடையைக்கூட, "கொஞ்சம் புளிப்பா நல்லாத்தான் இருக்கு" என்று சாப்பிட்டவர்.

சொன்னதைச் சொன்னபடி சொல்லியிருந்தால் எனக்கு அவர் மேல் மரியாதை இருந்திருக்கும். நான் நன்று என்று சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வார். மோசம் என்று சொன்னதை அலங்காரம் செய்து வெளியே விடுவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைப் பால்கோவாவைத் தின்றுவிட்டு வந்து, "மைதா சேத்திருக்காங்க மாமா. பல்லுல ஒட்டுது" என்றேன். அவர் திரையில், "வாய்ல போட்டா உடனே போயிராதுங்க, செத்த நேரம் நின்னு பேசிட்டுத்தான் போவும்" என்றார். ராஜபாளையத்தில் ஒரு கடையில் கோழி வறுத்த எண்ணெய் நாலு நாள் எண்ணெய் என்று சொன்னேன். "அந்தக் காலத்து ருசி அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"மாமா, நான் அப்படிச் சொல்லலயே" என்றேன்.

"நீ சொன்னதத்தான்ட்டி சொன்னேன். பழசுன்ன. நானும் பழசுன்னேன்."

"தின்னவங்களுக்கு வயித்தால போனா?"

"அவனவன் வயிறு அவனவன் பாடு" என்றவர், பின்னால் திரும்பி, "எமிலி, இவளுக்கு ஒரு சோடா வாங்கிக் குடு, கோவம் ஆறட்டும்" என்றார்.

தென்காசி சாலையில் ஒரு புதுக் கடை. வாசலில் மண்பானைகளை அடுக்கி, 'மண்பானைச் சமையல்' என்று பலகை வைத்திருந்தார்கள். கை கழுவப் போனபோது அடுக்களையைப் பார்த்தேன். உள்ளே எல்லாம் அலுமினிய அண்டா. வாசல் பானை ஒன்றில் வாட்டர் கேன் மூடிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். வந்து சொன்னேன். அன்று மாமா இலை முன்னால் குனிந்து, மூக்கை உறிஞ்சி, "ஆகா, மண் வாசனை" என்றாரே, அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாசனையே இல்லாத மூக்கு அது. வேனில் நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தைகூட அன்று நல்லாத்தான் இருக்கு என்று சொல்லவில்லை.

இனி வத்திராயிருப்புக் கதை. உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. போதகர் அடக்க ஆராதனையில் சொன்னதும் அதுதான். ஒரு ஏழைப் பெண்ணின் மெஸ்ஸில் புளிக்குழம்பில் இரண்டு மடங்கு உப்பு விழுந்துவிட்டது, தங்கராஜ் அண்ணன் முகம் சுளிக்காமல் அதைச் சாப்பிட்டு, உப்பு இருப்பதே தெரியவில்லை என்று சொல்லி அவள் மானத்தைக் காப்பாற்றினார் என்று. உப்பு என்று ஒரு சொல் கிடைத்துவிட்டால் போதகர்களுக்கு வேறென்ன வேண்டும். 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' என்ற வசனத்தை வைத்தே முக்கால் மணி நேரம் பேசினார். பலர் மூக்கைச் சிந்தினார்கள்.

நடந்தது இது. வத்திராயிருப்பில் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் பொன்னுத்தாய் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிற மெஸ். நாலு மேசை. மத்தியானச் சாப்பாடு மட்டும். பன்னிரண்டு மணிக்கு நான் போய் மூலையில் உட்கார்ந்தேன். தட்டப்பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. முதல் வாய் வைத்ததும் நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, காரமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "பொறவு என்ன, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தவா?" என்றார். ஊற்றச் சொன்னேன். நான் வெளியிடத்தில் எதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியது அன்றுதான்.

வேனுக்கு வந்து சொன்னேன். எனக்கே தெரியாமல் நிறையச் சொன்னேன். "புளி முன்னால வருது மாமா. காரம் அது போன பொறவு மெதுவா வருது. பயறு கொழையல, ஆனா உள்ள வர குழம்பு எறங்கிருக்கு. உப்பு இருக்கதே தெரியல. அப்பிடின்னா சரியா இருக்குன்னு அர்த்தம்." மாமா சிரித்தார். "இன்னைக்குத்தான்ட்டி வாயத் தொறந்திருக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் போனதும் அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. சட்டியில் இருந்த குழம்பு அடி மட்டத்துக்கு வந்திருந்தது. "செத்த நேரம் இருங்கய்யா, உங்களுக்குன்னு புதுசா வச்சித் தாரேன்" என்று அடுப்பைப் பற்றவைத்தார். பதற்றத்தில் அவர் உப்பைப் போட்டார். அவர் போட்டதைப் பார்க்காமல் வீட்டுக்காரரும் போட்டார். ருசி பார்க்க இருவருக்கும் நேரமில்லை. மாமா அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றி, பிசைந்து, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நான் சொன்னதை வரிசை மாறாமல் சொன்னார். புளி முன்னால் வருகிறது என்றார். காரம் பின்னால் வருகிறது என்றார். உப்பு இருப்பதே தெரியவில்லை என்றார். இலையை வழித்துவிட்டு எழுந்தார்.

அவர் வேனில் ஏறும்போது அடுத்த பந்தியில் இருந்தவர்கள் துப்பத் தொடங்கியிருந்தார்கள். அக்கா ஓடி வந்தார். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"ஐயா, உப்ப ரெண்டு பேரும் போட்டுட்டோம்யா. வாயில வைக்க முடியல. அதையா அம்புட்டும் சாப்ட்டீக? உப்பு இருக்கதே தெரியலன்னு வேற சொன்னீகளே."

மாமா ஒரு நொடி விழித்தார். ஒரு நொடிதான். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "பரவால்லம்மா. பதட்டத்துல வர்றதுதான. நீ மனசுல வச்சிக்கிடாத" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். கூடி நின்றவர்களில் ஒருவர், "பெரிய மனுசன்னா இவிய பெரிய மனுசன்" என்றார். தவறிப்போய்க் கையில் விழுந்த பேரை மாமா துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் அந்தக் கதை அவரது வீடியோவுக்குக் கீழே எழுத்தாக வந்து குவிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கைகூப்பல் போட்டார்.

திரும்பி வரும் வழியில், புதுப்பட்டி தாண்டிய பிறகு நான் கேட்டேன். "மாமா, மொதக் குழம்பு நல்லா இருந்துச்சுன்னு அந்த அக்காகிட்ட சொல்லிருங்க. நீங்க சொன்னதெல்லாம் பொய்னு நெனச்சிக்கிடுவாங்க."

"எப்பிடிட்டி சொல்லுவேன்? நான் எங்க மொதக் குழம்பத் தின்னேன்?"

"நான் தின்னேன்னு சொல்லுங்க."

அவர் கியரை மாற்றினார். அத்தைதான், "சொல்லிருங்களேன். அவ பாவம்லா" என்றார். "அடுத்த தடவ போறப்ப சொல்லுதேன்" என்றார் மாமா.

அடுத்த தடவை இரண்டு மாதம் கழித்து வந்தது. நான் முதலில் உள்ளே போனேன். புளிக்குழம்பு இல்லை. சாம்பாரும் ரசமும்தான். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, பரிமாறிய அக்கா வீட்டுக்காரரிடம், "புளிக்குழம்பு இல்லையா?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அவ வைக்க மாட்டேங்காம்மா. அன்னைக்கு ஒரு பெரிய மனுசரு எங்களுக்காவ உப்ப முழுங்கிட்டுப் போனாரு. அதுலேந்து புளியக் கரைச்சாலும் பாதியிலயே கொட்டிருதா. நல்லாருக்குன்னு யாரு சொன்னாலும் நம்ப மாட்டேங்கா. சும்மா எனக்காவச் சொல்லுதாகங்கா."

வந்து மாமாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறப்பார் என்று நினைத்தேன். அத்தையும் நினைத்தார், கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார். முப்பது அடி தூரம்தான். மாமா சாவியைத் திருப்பினார். "இன்னைக்கு வேண்டாம். ஊருக்குப் போவோம்" என்றார். அவ்வளவு கேவலமான ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை என்று அன்று நினைத்தேன். இறந்துவிட்டார் என்பதற்காக அதை இப்போது மாற்றிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அடுத்த மாதம் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பொன்னுத்தாய் அக்காவும் வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி, ஒரு முழம் பூவோடு. சுற்றி நின்ற பெண்களிடம் அந்தக் கதையைச் சொல்லி அழுதார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். கடைசியில் யாருக்கும் சொல்லாதது போல, "அவிய ஒரு வார்த்த வைதிருந்தா நான் இன்னும் புளிக்குழம்பு வச்சிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். நான் அவருக்கு இரண்டு அடி தள்ளி நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மாமா சொன்ன அதே திறமை. வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது போலவே வார்த்தை வரவில்லை. அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். மாமாவைக் கேவலம் என்றவள் நானும் இரண்டு அடி நடக்கவில்லை.

ஆகவே பொன்னுத்தாய் அக்காவுக்கு இங்கே சொல்கிறேன். இந்தப் புத்தகத்தை உங்கள் கடைக்கு நேரில் கொடுத்துவிடுவதாக அத்தை சொல்லியிருக்கிறார். அன்று பன்னிரண்டு மணிக்கு மூலை மேசையில் இருந்தவள் நான். இன்னும் இரண்டு கரண்டி ஊற்றவா என்று என்னிடம்தான் கேட்டீர்கள். மாமா உங்கள் மானத்தைக் காப்பாற்றவில்லை. அவருக்கு உப்பும் தெரியாது, புளியும் தெரியாது. அவர் சொன்னவை என் வார்த்தைகள். உங்கள் முதல் சட்டிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நான் சொன்னவை. அதில் இரக்கம் ஒன்றும் கிடையாது. எனக்கு இரக்கப்பட்டுப் பேச வராது. மைதா போட்டவர்களையும் பழைய எண்ணெய்க்காரர்களையும் கேட்டுப் பாருங்கள்.

மாமாவிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தத் தலையாட்டல் வேண்டாம். அந்தச் சிரிப்பு வேண்டவே வேண்டாம். ஒன்று உண்டு. நான் சாப்பிட்டுவிட்டு வந்து வேனில் ஏறியதும் அவர் எஞ்சினை நிறுத்துவார். பாட்டை நிறுத்துவார். பின்பக்கம் திரும்பி உட்காருவார். நான் நல்லாருக்கு என்றோ நல்லால்ல என்றோ தொடங்கினால் கையைக் காட்டி மறித்துவிடுவார். "அது கெடக்கட்டும். என்ன இருக்குன்னு சொல்லு" என்பார். எனக்கு வார்த்தை வரக் கால் மணி நேரம்கூட ஆகும். வெயிலில் வேன் கொதிக்கும். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. வகுப்பில் யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. பொய் சொல்வதற்காகத்தான் காத்திருந்தார். ஆனாலும் காத்திருந்தார். அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

அக்கா, கூட்டம் முடிந்த மறுவாரம் வத்திராயிருப்பு பஸ்ஸில் வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு, அதே மூலை மேசைக்கு. புளியைக் கரைத்து வையுங்கள். உப்பை ஒருவர் மட்டும் போடுங்கள். சாப்பிட்டுவிட்டு வேனுக்குப் போய்ச் சொல்ல மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நேரமாகும்.